கொம்பனித்தெருவின் வீடுகள்: வாவியோரக் குடியிருப்பொன்றின் சமூக வரலாறு

எமது நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டைகளையும் துறைமுகங்களையும் தேசாதிபதிகளின் மாளிகைகளையும் பற்றியே எழுதி வந்துள்ளனர். வீடுகளைப் பற்றி எழுத நேர்ந்தபோதும் கறுவாத்தோட்டத்துப் பெருமனைகளும் கொள்ளுப்பிட்டியின் வளவுகளுமே அவர்களது கவனத்துக்கு உரியனவாயின. கட்டியவன் பெயரும் கட்டிய ஆண்டும் விருந்துண்ட பிரபுக்களின் பெயர்களும் தெரிந்த வீடுகளே ‘வரலாற்று வீடுகள்’ எனக் கொள்ளப்பட்டன. ஒரு நகரை இயங்கச் செய்த உழைப்பாளர் எங்கே உறங்கினர், எத்தகைய கூரையின் கீழ்ப் பிள்ளைகளை வளர்த்தனர், அக்கூரைக்கு யாரிடம் வாடகை செலுத்தினர் என்னும் வினாக்கள் வரலாற்றின் புறத்தே நின்றுவிட்டன.

கொழும்பின் பேரை வாவியைச் சூழ்ந்துள்ள கொம்பனித்தெருப் பகுதியை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பகுதியைத் தெரிந்தமைக்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, ஒல்லாந்தர் காலம் முதல் இன்றுவரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தொடர்ச்சியாக உழைக்கும் மக்கள் வாழ்ந்த இடம் இது. அடிமைகள், படைவீரர், துறைமுகத் தொழிலாளர், புகையிரதப் பகுதியினர், சிறுவணிகர் என ஒவ்வொரு காலகட்டத்தின் உழைப்பாளரும் தத்தம் சுவட்டை இங்கு விட்டுச் சென்றுள்ளனர். இரண்டாவது, அச்சுவடுகள் எமது கண்முன்னேயே மறைந்து வருகின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இப்பகுதி அடைந்த மாற்றம் அதற்கு முந்திய நூறாண்டுகளில் அது அடைந்த மாற்றத்திலும் பெரிது எனலாம்.

1. பெயர்கள் கூறும் வரலாறு

இவ்விடத்துக்கு வழங்கும் பெயர்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஆங்கிலத்தில் இது நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்னும் பொருள்படவே அழைக்கப்பட்டது. சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய என்றும் தமிழில் கொம்பனித்தெரு என்றும் வழங்கும். பின்னைய இரண்டும் ‘கொம்பனி’ என்னும் சொல்லடியாகத் தோன்றியவை. வணிகக் கொம்பனியொன்று அரசாகவும் நின்று ஆண்ட காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. ஆகவே ஒரே நிலத்துக்கு ஆண்டோர் மொழியிலே அடிமைகளின் பெயரும், ஆளப்பட்டோர் மொழிகளிலே ஆண்டோரின் பெயரும் வழங்கி வந்துள்ளன. இம்முரண் தற்செயலானது அன்று. ஆண்டோர் அந்நிலத்தை நோக்கியபோது தம் உடைமைகளான மனிதரைக் கண்டனர். ஆளப்பட்டோர் நோக்கியபோது உடைமையாளரைக் கண்டனர்.

2023 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்ற பெயரையே வழங்குதல் வேண்டுமென அரசாங்கம் தீர்மானித்தது. இழிவு தொனிக்கும் குடியேற்றவாதப் பெயரொன்றை நீக்கியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயர்ப்பலகையிலிருந்து அடிமை என்னும் சொல்லை அகற்றுவதோடு அடிமைகளின் கதையும் அகன்றுவிடுமாயின், நாம் பெற்றதிலும் இழந்ததே அதிகமாகும். அக்கதையைப் பாடநூல்களில் சேர்க்காமல் பெயரை மட்டும் மாற்றுவது அரைவாசிப் பணியே.

2. வாவியும் சிறையும்

போர்த்துக்கேயர் காலத்திலேயே கொழும்புக் கோட்டையின் தரைப்புறக் காப்பாகப் பேரை வாவி பயன்படுத்தப்பட்டது. 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோட்டையையும் புறக்கோட்டையையும் தம் முறைப்படி திருத்தி அமைத்தபோது வாவியின் பாதுகாப்புப் பயனும் பெருகிற்று. வாவியின் பெயர் ‘கரை’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பாரும், ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரின் பெயரிலிருந்து வந்ததென்பாரும் உளர். வாவியின் நடுவே நீண்டு கிடந்த மேட்டு நிலமே அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இடமாயிற்று.

ஒல்லாந்தக் கொம்பனியின் கொழும்பு அடிமை உழைப்பின் மீது எழுப்பப்பட்டது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் தென்னிந்தியக் கரைகளிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் கட்டடப் பணிகளிலும் துறைமுகத்திலும் வீட்டு வேலைகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். காப்பிரிகள் என அக்கால ஆவணங்கள் குறிப்பிடும் ஆபிரிக்கர் கோட்டைக்குள் கிளர்ச்சி செய்து, அதிகாரி ஒருவரையும் அவர் மனைவியையும் கொன்றனர் என்றும், அதன் பின்னரே அடிமைகள் அனைவரும் பகற்பொழுது முடிந்ததும் படகுகளில் ஏற்றப்பட்டு வாவி நடுவேயுள்ள நிலத்திற் கொண்டுபோய் விடப்பட்டனர் என்றும் மரபு கூறும். வாவியில் முதலைகள் இருந்தமையால் எவரும் நீந்தித் தப்ப இயலவில்லை என்பதும் அம்மரபின் ஒரு பகுதி. முதலைகள் பற்றிய செய்தியை எவ்வாறு கொள்ளினும், அடிமைகளின் உழைப்பு நகருக்குத் தேவை, அவர்களின் இருப்பு நகருக்கு அச்சம் என்னும் இருநிலை இம்மரபில் தெளிவாகப் புலப்படுகின்றது. பகலில் நகருக்குள், இரவில் நகருக்கு வெளியே என்னும் இவ்வொழுங்கே கொம்பனித்தெருவின் முதலாவது குடியிருப்புத் திட்டமாகும்.

இதனைப் படிக்கும் தமிழ் வாசகர் தூரத்துக் கதையாக எண்ணிவிடலாகாது. அதே ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை, யாழ்ப்பாணத்துக் கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளாகக் கொண்டு, அவர் மீது உடையவர்க்குள்ள உரிமைகளை விரித்துரைக்கின்றது. கொழும்பில் வாவி செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் வேலியும் வாய்க்காலும் வழக்கமும் செய்தன. இலங்கையில் அடிமை முறையை இறுதியாக ஒழித்த கட்டளைச் சட்டம் 1844 இல் நிறைவேறியபோது அது இவ்விரு பகுதியினரையும் ஒருங்கே விடுவித்தது. சட்டம் விடுவித்தோர்க்கு நிலமோ வீடோ வழங்கப்படவில்லை என்பதும் இரு பகுதிக்கும் பொதுவானதே.

3. படைவீரரின் தெருக்கள்

1796 இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. அடிமைகளின் தீவு படிப்படியாகப் படைவீரரின் குடியிருப்பாக மாறிற்று. இதற்கிடையே சிறிது காலம் அது தாவரவியல் ஆய்வுக்கும் களமாக அமைந்தது. சேர் யோசப் பாங்ஸ் என்பாரின் ஆலோசனையின்படி 1810 இல் இங்கு கியூ என்னும் பெயரில் ஒரு பூங்கா நிறுவப்பட்டது. அது 1813 இல் களுத்துறைக்கும் பின்னர் 1821 இல் பேராதனைக்கும் மாற்றப்பட்டது. இன்று பேராதனைப் பூங்காவில் உலாவும் மாணவருக்கு அதன் பிறப்பிடம் கொம்பனித்தெருவின் வாவிக்கரை என்பது வியப்பளிக்கலாம். கியூ வீதி என்ற பெயர் மட்டும் அங்கு எஞ்சி நின்றது.

மலாயர் என நாம் பொதுவாக அழைப்போர் ஒருவகையினர் அல்லர். ஒல்லாந்தரால் நாடுகடத்தப்பட்ட சாவக அரச குடும்பத்தினர், அவர்தம் பரிவாரங்கள், கொம்பனியின் படையிற் சேர்க்கப்பட்ட வீரர், கைதிகள், அடிமைகள் எனப் பலரும் இப்பொதுப் பெயருள் அடங்குவர். பிரித்தானியர் இவர்களைத் தம் படையில் அமர்த்தினர். இலங்கை றைபிள் படைப்பிரிவு எனப் பின்னர் பெயர்பெற்ற அப்படையின் பெரும் பகுதியினர் மலாயரே. றைபிள் வீதி, மலே வீதி, யாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் அக்காலத்தின் நேரடிச் சான்றுகள்.

படைவீரரின் குடியிருப்பு படைமுகாமின் ஒழுங்கைப் பின்பற்றியது. ஒரே அளவான அறைகள் வரிசையாக அமைந்து, முன்னே ஒடுங்கிய விறாந்தையும் பின்னே பொதுவான கிணறும் சமையலிடமும் கொண்டிருத்தல் அதன் பொது இயல்பு. குடும்பத்தோடு வாழ்ந்த வீரருக்கு இவ்வொழுங்கு போதுமானதாக இருக்கவில்லை. ஆகவே முகாமின் எல்லைக்கு வெளியே தனிக் காணிகளும் வீடுகளும் தோன்றின. வேகந்தைப் பள்ளிவாசல் இவ்வகையில் மிக முக்கியமான சான்றாகும். பண்டான் பாலி என்னும் சாவகர் 1786 இல் நிலம் வாங்கி அதனை நிறுவினார் என்று அதன் வரலாறு கூறும். அதாவது ஒல்லாந்தர் ஆட்சி முடிவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, அடிமைகளின் பெயரால் அழைக்கப்பட்ட நிலத்தில், கீழைத் தீவுகளிலிருந்து வந்த ஒருவர் காணி வாங்கவும் அதனைச் சமூகத்தின் பொதுச் சொத்தாக்கவும் இயன்றது. யாவா ஒழுங்கையிலுள்ள இராணுவப் பள்ளிவாசல் 1864 இல் றைபிள் படையினரால் கட்டப்பட்டது. வாடகைக்கு வாழ்ந்த ஒரு சமூகம் நிலையாக உரிமை கொண்டாடிய முதற் கட்டடங்கள் வழிபாட்டிடங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. கியூ வீதியின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் இத்தகைய வேரூன்றலின் அடையாளமே.

1873 இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. சீருடையை இழந்தோர் பொலிசுப் படையிலும் தீயணைப்புப் படையிலும் பெருந்தோட்டங்களிலும் தொழில் தேடினர். பலர் கொம்பனித்தெருவிலேயே தங்கினர். இக்காலத்தில் மலாயரிடையே எழுத்தறிவும் அச்சுப் பண்பாடும் வளர்ந்திருந்தன. பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பிலிருந்து வெளியிட்ட ‘அலாமத் லங்காபுரி’ மலாய் மொழியின் தொடக்ககாலச் செய்தித்தாள்களுள் ஒன்று. நீதியரசர் எம். ரீ. அக்பர் இச்சமூகத்திலிருந்து உயர்நீதிமன்றம் வரை சென்றவர். கொம்பனித்தெருவின் வீதியொன்றும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விடுதியொன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

மொழி வரலாற்றில் ஈடுபாடுடையோர் கவனிக்கத்தக்க ஒரு செய்தியும் உண்டு. இலங்கை மலாய் மொழி, தன் தாய்மொழியின் வாக்கிய அமைப்பினின்றும் விலகி, வினையை இறுதியிற் கொள்ளும் அமைப்பையும் வேற்றுமை உருபுகளைப் போன்ற பின்னொட்டுகளையும் பெற்றுள்ளது. முஸ்லிம்களின் தமிழோடு நெடுங்காலம் கொண்ட நெருக்கமே இதற்குப் பெரிதும் காரணம் என்று மொழியியலாளர் பலர் கருதுவர். ஒரே சுவரைப் பங்கிட்ட வீடுகளில், ஒரே கிணற்றடியில், ஒரே பள்ளிவாசலில் நிகழ்ந்த உரையாடலின் விளைவு ஒரு மொழியின் இலக்கணத்தையே மாற்றியுள்ளது. குடியிருப்பு வரலாறு பண்பாட்டு வரலாற்றுக்கு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

4. முதலாளியமும் வாடகை வீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு அடைந்த மாற்றத்தைப் பொருளாதார அடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளலாம். 1867 இல் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. 1869 இல் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பு 1885 இல் நிறைவுற்றதும், அதுவரை காலியில் தரித்த கப்பல்கள் கொழும்பையே நாடின. கோட்டையின் மதில்கள் 1869 முதல் 1871 வரையிலான காலத்தில் இடிக்கப்பட்டன. மொறட்டுவைவரை 1877 இல் திறக்கப்பட்ட கரையோரப் பாதை கொம்பனித்தெருவின் ஊடாகச் சென்றது. காப்புக்காகப் பேணப்பட்ட வாவி இப்போது சரக்குப் போக்குவரத்துக்கான நீர்வழியாயிற்று. கோப்பி, தேயிலை, காரீயம், தென்னைப் பொருட்கள் ஆகியவற்றைச் சேமிக்கும் பண்டகசாலைகளும் ஆலைகளும் வாவிக்கரையெங்கும் எழுந்தன. அவற்றுக்கும் வீதிகளுக்கும் இடம் தேடி வாவியின் பகுதிகள் நிரப்பப்பட்டன. இன்று எஞ்சியுள்ள நீர்ப்பரப்பு ஏறத்தாழ 65 ஹெக்டேயர் மட்டுமே.

1871 இல் ஏறத்தாழ ஓர் இலட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 1921 இல் இரண்டரை இலட்சத்தை நெருங்கியது. இவ்வளவு பேருக்கும் வீடு எங்கிருந்து வந்தது? நகரசபையோ குடியேற்ற அரசோ அதனைத் தன் பொறுப்பாகக் கருதவில்லை. தனியார் முதலீடே அதனைச் செய்தது. சாராயக் குத்தகையிலும் தோட்டங்களிலும் திரண்ட உள்ளூர் மூலதனம் நகர்ப்புற வீட்டு வாடகையில் பாதுகாப்பான வருவாயைக் கண்டது. ஆங்கிலேய முதலீட்டாளரின் போட்டி குறைந்த துறையும் இதுவே.

இக்காலத்தில் கொம்பனித்தெருவில் உருவான வீடுகளை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, தெருமுக வரிசை வீடு. பக்கச் சுவர்கள் அயல்வீட்டோடு பொதுவானவை. முகப்பு ஒடுங்கியது, ஆழம் நீண்டது. தெருவை ஒட்டிய விறாந்தை, அதனை அடுத்து ஒரு கூடம், ஓரிரு அறைகள், இறுதியில் சிறு முற்றமும் அடுக்களையும் என்பது அதன் அமைப்பு. கூரை ஓட்டினாலானது. கதவுக்கு மேலேயுள்ள மரச்சட்டப் பின்னல் காற்றுக்கு வழிவிடும். எழுதுவினைஞர், பொலிசார், சிறு அதிகாரிகள் முதலியோர் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் முற்றம் வீட்டின் நடுவே அமைந்து குடும்பத்தை உள்நோக்கித் திருப்பும்; எவர் திண்ணைவரை வரலாம், எவர் வெளியே நிற்கவேண்டும் என்பதை அவ்வமைப்பே வரையறுக்கும். கொம்பனித்தெரு வீட்டின் விறாந்தையோ தெருவோடு கலந்து நிற்பது. சிங்களவர், மலாயர், சோனகர், தமிழர், பறங்கியர் ஆகியோர் ஒரே வரிசையில் வாழ்ந்தமைக்கு இவ்வமைப்பு மட்டும் காரணமன்று. வாடகை செலுத்தும் ஆற்றலே அயலவரைத் தீர்மானித்தது. எனினும் அவ்வாறு அமைந்த அயலைப் பழக்கமாக்குவதற்கு விறாந்தை உதவிற்று.

இரண்டாவது, மாடிக் கடைவீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு என்பது அதன் இயல்பு. பெருங்கொடையாளர் எனப் போற்றப்படும் சாள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870களில் கட்டுவித்ததாகக் கூறப்படும் டி சொய்சாக் கட்டடம் இவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியது. அவரே 1870 இல் எடின்பரோக் கோமகனுக்கு விருந்தளித்த கொள்ளுப்பிட்டி மாளிகை, அக்கோமகனின் பெயரால் அல்பிறட் மனை எனப்பட்டது. வாவியின் ஒருபுறம் செல்வரின் விருந்து மாளிகை. மறுபுறம் அவரது வாடகைக் கட்டடம். இவ்விரண்டையும் ஒரே பொருளாதாரத்தின் இரு முகங்களாக நோக்கினாலன்றிக் கொழும்பின் வீட்டு வரலாறு முழுமை பெறாது.

மூன்றாவது, ‘தோட்டம்’. மரஞ்செடி எதுவுமில்லாத இக்குடியிருப்புக்கு இப்பெயர் வாய்த்தது ஏனெனில், பெரிய வளவொன்றின் பின்புறத்து நிலத்தில் அது கட்டப்பட்டமையாலேயே. ஒரே சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாக அமைந்த அறைகள், இடையே ஒடுங்கிய நடைபாதை, அனைவருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான மலசலகூடம். ஓர் அறையே ஒரு குடும்பத்தின் உறைவிடம். முகவரி என்பது தோட்டத்தின் இலக்கமே. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் நாட்கூலிக்கு உழைத்தோர், தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட நகரசுத்தித் தொழிலாளர், கைவண்டி இழுப்போர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரைக் கொழும்பின் பல பகுதிகளிலும் இத்தோட்டங்களே தாங்கின. குறைந்த நிலத்தில் கூடிய வாடகையைப் பெறும் கணக்கே இவ்வீட்டின் வரைபடத்தை வரைந்தது.

5. திட்டமிடுவோரும் குடியிருப்போரும்

தோட்டங்களின் சுகாதாரக் கேடு நகர நிருவாகத்தின் கண்ணிற் பட்டது, கொள்ளைநோய் செல்வர் வீடுகளையும் எட்டலாம் என்னும் அச்சம் எழுந்த பின்னரே. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கட்டடங்களுக்கான விதிகளை வகுத்ததோடு, மனிதர் வாழத் தகுதியற்றவை எனப் பிரகடனம் செய்யப்பட்ட வீடுகளை மூடவும் இடிக்கவும் வழி செய்தது. வாழத் தகுதியற்ற வீட்டை இடிக்கச் சட்டம் இருந்தது. அங்கு வாழ்ந்தோர்க்கு வாழத்தக்க வீட்டை வழங்கும் கடமை எவர்க்கும் இருக்கவில்லை. இவ்வொரு பக்கச் சாய்வு பிற்காலத் திட்டங்களிலும் தொடர்வதை நாம் காணலாம்.

1921 இல் பற்றிக் கெடஸ் கொழும்புக்கான நகரத் திட்டமொன்றை வகுத்தார். கீழைத்தேயத்தின் பூங்கா நகர் என்னும் கனவு அவரோடு தொடர்புடையது. ஆயின் இந்திய நகரங்களில் அவர் வற்புறுத்திய மற்றொரு கொள்கை எமது கவனத்துக்கு மேலும் உரியது. பழைய குடியிருப்பை முற்றாக இடித்துத் தள்ளுவதை அவர் எதிர்த்தார்; இன்றியமையாத இடங்களில் மட்டும் சிறு நீக்கங்களைச் செய்து, காற்றும் வெளிச்சமும் புக வழிசெய்து, மக்களை அவர்தம் இடத்திலேயே வாழவிடவேண்டும் என்றார். கறுவாத்தோட்டத்தின் நிழல்மர வீதிகளுக்குப் பூங்கா நகர்க் கனவு பயன்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குப் பயன்படக்கூடியதாயிருந்த இரண்டாவது கொள்கையை எவரும் பெரிதாகக் கைக்கொள்ளவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் நிலைமையில் உண்மையான மாற்றத்தை ஏற்படுத்த முனைந்த சட்டங்கள் 1970களில் வந்தன. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரை வெளியேற்றுவதைக் கடினமாக்கியது. 1973 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தி, மேலதிக வீடுகளை அரசுடைமையாக்கி, குடியிருந்தோரே அவற்றைப் பெறுவதற்கு வழிகோலியது. நூறாண்டுகளாக வாடகை செலுத்தியோரின் வழித்தோன்றல்கள் சிலர் முதன்முதலாக உறுதி பெற்றனர். இச்சட்டங்களின் குறைபாட்டையும் மறைத்தல் ஆகாது. வாடகை உறைநிலைக்கு வந்ததும் சொந்தக்காரர் பழுதுபார்ப்பைக் கைவிட்டனர். அரசுடைமையான கட்டடங்களைப் பேண அரசு போதிய பணம் ஒதுக்கவில்லை. உரிமை வந்த அதே வேளையில் கூரை ஒழுகத் தொடங்கியது. அவ்வொழுக்கையே பின்னாளில் இடிப்பதற்கான நியாயமாகக் காட்டினர்.

1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது; 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. கொம்பனித்தெருவின் நிலம் அங்கு வாழ்வோரை விட மதிப்புடையதாகக் கருதப்படத் தொடங்கிய காலம் இது. இதனிடையே யூலை 1983 இன் வன்செயல் இப்பகுதியையும் தீண்டியது. 1965 இல் திறக்கப்பட்டதும் தமிழ்க் குடும்பமொன்றுக்கு உரியதுமான ரியோ திரையரங்கு எரியூட்டப்பட்டது. கருகிய அக்கட்டடம் பல்லாண்டு காலம் அவ்வாறே நின்றது. ஒரே வரிசையில் வாழ்ந்த இனங்களின் நல்லுறவைப் பற்றிப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசவேண்டும். பொதுச்சுவர் அயலவரை அறிமுகப்படுத்தும். அரசியல் அவர்கள்மீது ஏவிவிடும் தீயைத் தடுக்க அச்சுவர் மட்டும் போதாது.

6. இடிப்பின் காலம்

போர் முடிந்த மறு ஆண்டில், 2010 இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் இருபது வீடுகள் படையினரின் முன்னிலையில் இடிக்கப்பட்டன. கொழும்பில் ஏறத்தாழ 70,000 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்த்து, அவர்கள் வாழ்ந்த நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு விடுவிப்பதே அதனையடுத்து வந்த நகர மீளுருவாக்கத் திட்டத்தின் அடிப்படை. யாவா ஒழுங்கையைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்தோரும் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் ‘பொதுத் தேவை’க்காகக் காணியை எடுக்க அரசுக்கு அதிகாரமளிக்கின்றது. தனியார் நிறுவனத்தின் ஆடம்பர மாடிமனை எவ்வாறு பொதுத் தேவையாகும் என்ற வினாவைக் குடியிருந்தோர் நீதிமன்றம்வரை கொண்டுசென்றனர்.

டி சொய்சாக் கட்டடம் 2021 இல் இடிக்கப்பட்டது. அதனைப் பேணுமாறு கட்டடக் கலைஞரும் மரபுரிமை ஆர்வலரும் எழுப்பிய குரல் பயன் தரவில்லை. இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் வேண்டும். அதே கொழும்பில் ஒல்லாந்தர் மருத்துவமனையும் அளவிற் பெரிய குடியேற்றகாலக் கட்டடங்கள் வேறு சிலவும் புதுப்பிக்கப்பட்டு உணவகங்களாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாற்றப்பட்டன. ஆண்டோரின் கட்டடம் புதுப்பிக்கத்தக்க மரபுரிமையாகவும், ஆளப்பட்டோரின் வாழிடம் அகற்றத்தக்க சேரியாகவும் கொள்ளப்படுவதற்குச் செங்கல்லின் தரமோ வயதோ காரணமன்று. முன்னையதில் மக்கள் வாழவில்லை, பின்னையதில் வாழ்ந்தனர். வெறுமையான கட்டடம் வருவாய் தரும். மக்கள் வாழும் கட்டடம் உரிமை கேட்கும்.

மறுபக்க நியாயத்தையும் நாம் எடைபோடுதல் வேண்டும். பொது மலசலகூடத்துக்கு முன்னே காலையில் வரிசையில் நின்ற தாய்மாருக்கு, தனிக் குழாயும் தனிக் குளியலறையும் கொண்ட தொடர்மாடி வீடு சிறிய பேறு அன்று. தோட்டத்து வாழ்வை அழகுபடுத்திப் பேசுவது அங்கு வாழாதோர்க்கு எளிது. ஆயின் கொம்பனித்தெருவின் வீடு உறங்குமிடம் மட்டுமன்று, தொழிலிடமும் ஆகும். விடியற்காலையில் இடியப்பமும் அப்பமும் அவித்து விற்கும் பெண்ணுக்கும், விறாந்தையில் தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கும், வாசலில் பலசரக்குத் தட்டு வைத்திருப்பவருக்கும் தெருவே சந்தை. அவர்களைப் பத்தாவது மாடியில் ஏற்றிவிட்டால் வீடு கிடைக்கின்றது, வருவாய் போகின்றது. அயலவரின் கடனுதவியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கைம்மாறும் உறவாடிய பள்ளிவாசலும் கோயிலும் எந்த நட்டஈட்டுப் பத்திரத்திலும் கணக்கிடப்படுவதில்லை. நல்ல வீடு வேண்டுமா, பழைய இடம் வேண்டுமா என்னும் கேள்வியே தவறானது. இடத்தை விட்டு அகற்றாமலே வீட்டைத் திருத்தலாம் என்பது 1921 இலேயே திட்டமிடுவோர்க்குத் தெரிந்திருந்தது.

7. முடிவுரை

கொம்பனித்தெருவின் முந்நூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு தொடர்ச்சி புலனாகின்றது. நகருக்கு இம்மக்களின் உழைப்பு எக்காலத்திலும் தேவையாயிருந்தது; அவர்களை எங்கு வைப்பது என்பதை எக்காலத்திலும் பிறரே தீர்மானித்தனர். ஒல்லாந்தர் படகிலேற்றி வாவி நடுவே விட்டனர். பிரித்தானியர் முகாமில் வரிசைப்படுத்தினர். வாடகை முதலாளிகள் அறைகளாகப் பங்கிட்டனர். இன்றைய திட்டமிடலாளர் மாடிகளில் அடுக்குகின்றனர். இத்தொடர்ச்சிக்கு எதிரான மற்றொரு தொடர்ச்சியும் உண்டு. 1786 இல் வாங்கப்பட்ட பள்ளிவாசற் காணி, 1864 இல் படைவீரர் எழுப்பிய தொழுகை மண்டபம், 1973 இன் பின் கிடைத்த உறுதிகள், 2010க்குப் பின் தொடரப்பட்ட வழக்குகள் யாவும் ‘இது எமது இடம்’ என அம்மக்கள் மீண்டும் மீண்டும் கூறியதன் சான்றுகள்.

பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒல்லாந்தர் தம் காணிகளைத் தோம்புகளில் எழுதிவைத்தனர். அதனாலேயே அவர்காலக் கொழும்பை இன்று ஆராயமுடிகின்றது. தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குத் தோம்பு இல்லை. அவர்களிடம் உள்ளவை பழைய வாடகைச் சிட்டைகள், தண்ணீர்க் கட்டணப் பற்றுச்சீட்டுகள், பங்கீட்டுப் புத்தகங்கள், மணவிழாப் படங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவையே. வீடு இடிக்கப்படும்போது இவையும் குப்பையோடு போகின்றன. இடிப்பதற்கு முன்னரே ஒவ்வொரு வீட்டின் வரைபடத்தையும் அளந்து வைப்பதற்கும், முதியோரின் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் மலாயிலும் பதிவதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அளவுநாடாவும் குறிப்பேடும் சில மாணவரின் வார இறுதி நாட்களும் போதும். அவ்வாறு தொகுக்கப்படும் சான்றுகள் ஆய்வாளருக்கு மட்டுமன்றி, தம் குடியிருப்புரிமையை நிறுவ நீதிமன்றப் படியேறும் மக்களுக்கும் பயன்படும். கொம்பனித்தெருவின் தோம்பை எழுதவேண்டிய காலம் இதுவே. எழுதவேண்டியவர்கள் அங்கு வாழ்ந்தோரும், அவர்களோடு சேர்ந்து நாமும்.